கண்டம் லிஸ்டில் ஒரு கணக்கு மெஷின்

சந்தோஷம் வந்தால் அதை ஒரு நிமிஷம்கூட வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத ஒரு மனுஷியோடு ஆறு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்திருக்கிறேன். லேசுப்பட்ட காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் போட் பிடித்து வருவதற்குள் அவளுக்கு ஏதாவது ஒன்று நடந்திருக்கும். முருங்கை பூத்திருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் தூண்டிலில் கை நீளத்துக்கு மீன் மாட்டியிருக்கும், அதுவும் இல்லையென்றால் கடலுக்குமேல் வானவில்லாவது போட்டிருக்கும். செருப்பைக் கழற்றும்போதே "ஏட்டி, சங்கதி கேட்டியா!" என்று ஆரம்பிப்பாள். அதற்குப் பிறகு நான் பேனாவை மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

அறுபதுகளின் நடுவில், போர்ட் பிளேரில், வெட்டிய மரத்தை அளந்து எழுதும் ஒரு சின்ன அரசு அலுவலகம் எங்களுடையது. நான் தபால் அனுப்பும் குமாஸ்தா. ஜங்லிகாட்டில் அப்பாவின் கடைக்குப் பின்னால் வீடு, வயது இருபத்திரண்டு, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் டைப்பிஸ்ட். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரருக்கு ஃபெரி போட்டில் எஞ்சின் வேலை, குடியிருப்பு பாம்பூஃப்ளாட்டில். பெயர் வேண்டாம். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், ஆபீசில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவளுடைய வாய் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆபீசில் ஒருவர் மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்டு மூன்று வருஷமாகக் காத்திருந்தார். ஒருநாள் அதிகாரி அக்காவை உள்ளே கூப்பிட்டு, மாற்றல் உத்தரவை அடிக்கச் சொல்லி, ரகசியம், வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அக்காவும் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தாள், உட்கார்ந்தாள், முகம் முழுக்கச் சிரிப்பு. ஐந்து நிமிஷம் பொறுத்தாள். பிறகு எழுந்து அந்த மனிதரிடம் போய், "அண்ணாச்சி, ஒங்க டிரங்குப் பெட்டி நல்லாப் பூட்டுதா? சும்மாத்தான் கேக்கேன்" என்றாள். அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அன்றோடு ரகசியக் காகிதங்கள் அவள் மேஜைக்கு வருவது நின்றுபோயிற்று.

"நான் என்னத்தச் சொன்னேன்? பெட்டியப் பத்திதானட்டி கேட்டேன்!" என்று ஒரு வாரம் புலம்பினாள்.

அந்த மெஷின் கிடைத்தது ஒரு மழைக்காலத்தில். டைப் அடிக்க ரிப்பன் தீர்ந்துபோய், நாங்கள் இருவரும் ஸ்டோர் பாபுவோடு பின்னால் இருந்த சாமான் அறைக்குப் போனோம். ஸ்டோர் பாபு தீவிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா கைதிக் கப்பலில் வந்தவர் என்று அவரே பெருமையாகச் சொல்லுவார். அவர் தமிழில் பாதி இந்தி, அக்காவை பஹன், சகோதரி என்றுதான் கூப்பிடுவார். கூரை ஒழுகியதால் ஒரு தார்ப்பாயை இழுத்து நகர்த்தினார். அடியில் தையல் மெஷின் தலை அளவுக்குக் கறுப்பாக ஒரு இரும்புச் சாமான். வலது பக்கம் ஒரு கைப்பிடி. முன்னால் வரிசையாக, எண் வைக்கத் தள்ளுகிற குட்டிக் குட்டி நெம்புகோல்கள். கீழே சின்னச் சின்ன ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எண்.

"இது என்னது பாபு?" என்றாள் அக்கா.

"கணக்கு மெஷின் பஹன். ஜப்பான்காரன் சண்டை டயத்தில விட்டுட்டுப் போனது. நீளம், சுத்தளவு போட்டு ஹேண்டில் சுத்தினா கன அடி சொல்லும். கூட்டும், பெருக்கும், எல்லாம் பண்ணும். இப்ப ஜாம். புரானா மால், பழைய சாமான், விடு."

"மெஷினு பெருக்குமா?" அக்காவின் கண் அகலமாகிவிட்டது. "ஏ யம்மா! கரண்டு இல்லாமயா?"

நாங்கள் ரிப்பன் வாங்க வந்ததை அவள் மறந்தேவிட்டாள். கைப்பிடியை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. நெம்புகோல் ஒன்றைத் தள்ளிப் பார்த்தாள். அதுவும் கல் மாதிரி இருந்தது. "பாபு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல இத நான் சித்த பாத்துக்கிடட்டா?" என்று கேட்டாள். "லே ஜாவோ, எடுத்துட்டுப் போ" என்று கையை வீசினார் அவர். எப்படியும் உதவாத சாமான், யாராவது தூக்கிக்கொண்டு போனால் ஒழுகாத இடம் ஒன்று மிச்சம் என்று நினைத்திருப்பார்.

அன்றிலிருந்து பதினோரு மாதம் எங்கள் அறையில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. மணி ஒன்று அடித்தால் அக்கா இரண்டு வாய் சோற்றை விழுங்கிவிட்டு மெஷினை மேஜைக்கு நடுவில் இழுப்பாள். வீட்டுக்காரரின் திருப்புளி, பழைய பல் பிரஷ், ஒரு கொண்டை ஊசி, இவ்வளவுதான் சாமான். கழற்றிய திருகுகளை ஒரு துணி சோப்புக் கட்டியில் வரிசையாகக் குத்தி வைப்பாள். பக்கத்தில் நகத்தால் எண் கீறுவாள். ஒருநாள் கூட்டுகிறவள் அந்தச் சோப்பை எடுத்துப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அக்கா கத்திய கத்தலில் மரம் அளந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். நல்லவேளை, திருகு ஒன்றும் விழவில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தாள், அடுத்த வாரம் திரும்ப ஊற்றிப் பார்த்தாள். உள்ளே சக்கரங்களின் பற்களுக்கு நடுவில் தேன்கூட்டு அடை மாதிரிக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. துருவும் இல்லை, அழுக்கும் இல்லை, கொண்டை ஊசியால் குத்தினால் ரப்பர் மாதிரி உள்வாங்கியது. என்ன சனியன் என்று தெரியாமல் மாதக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒரு வெயில் காலத்து மத்தியானம் மெஷினை ஜன்னலோரம் வைத்திருந்தோம். வெயில் பட்டு அது சூடேறியிருக்கிறது. அக்கா குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏட்டி, இங்க வா. மோந்து பாரு!"

நான் மூக்கை வைத்தேன். என் பின்னல் வாசனை! தேங்காய் எண்ணெய்.

ஸ்டோர் பாபுவைக் கூப்பிட்டுக் கேட்டதும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கள் தீவில் உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. பூட்டு, கத்தரிக்கோல், சைக்கிள் செயின், கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் தேங்காய் எண்ணெய்தான். தேங்காய்க்குப் பஞ்சமில்லாத ஊர். ஜப்பான்காரர்கள் போன பிறகு சில வருஷம் இந்த மெஷின் மரக்கிடங்கில் ஓடியிருக்கிறது. காலையில் யார் முதலில் வந்தாலும் அக்கறையாக இதற்கு ஒரு கரண்டி எண்ணெய். அந்த எண்ணெய் காறி, காற்றில் வந்த மரத்தூளைச் சேர்த்துக்கொண்டு, பிசினாக இறுகிவிட்டது.

"நானும் ஊத்தியிருக்கேன் பஹன்," என்றார் பாபு பாவமாக. "நல்லதுக்குத்தானே ஊத்தினோம்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மெஷினுக்குத் தல வாரிப் பூ வைக்காம விட்டீயளே, அந்தமட்டும் நல்லது!"

காரணம் தெரிந்த பிறகு வேலை பறந்தது. சலவைச் சோடாவைக் கொதிக்கும் தண்ணீரில் கரைத்து, பிரித்துக் கழற்றிய சக்கரங்களை ஊறவைத்தாள். தண்ணீர் காப்பி நிறமாக மாறியது. துடைத்தாள், வெயிலில் காய வைத்தாள், திரும்ப மாட்டினாள். மெஷின் எண்ணெய்க்கு வீட்டுக்காரரை விரட்டினாள். நாலாம் நாள் மத்தியானம் ஒரு நெம்புகோலை இரண்டில் வைத்து, கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினாள். கரகரவென்று ஒரு சத்தம். ஜன்னலில் இரண்டு வந்தது. இன்னொரு சுற்று. நான்கு!

அன்றைக்கு அவள் வீட்டில் எனக்கு மீன் குழம்புச் சாப்பாடு என்று கூப்பிட்டிருந்தாள். சாத்தம் ஜெட்டியில் போட் ஏறினோம். ஏறியவுடன் ஆரம்பித்துவிட்டாள். வங்காளிக்காரர், தெலுங்குக்காரர், மலையாளி என்று பார்க்கவில்லை, போட்டில் இருந்த அத்தனை பேரிடமும் தனக்குத் தெரிந்த இந்தியில் கையை ஆட்டி ஆட்டி அறிவிப்பு. மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு வங்காளி அம்மாள், யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்து, "க்யா ஹுவா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"தோ அவுர் தோ, சார்!" என்று நான்கு விரலைக் காட்டினாள் அக்கா.

இரண்டும் இரண்டும் நாலு. அந்த அம்மாள் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "அது எனக்கும் தெரியுமே" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். அக்கரை போய்ச் சேரும்வரை எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

ஆனால் மறுநாளே ஒரு இடி. தொண்ணூற்றொன்பதோடு ஒன்றைக் கூட்டினால் மெஷின் தொண்ணூறு என்றது. ஒன்பது பூஜ்யமாகும்போது பக்கத்துச் சக்கரத்தை ஒரு பல் தள்ள வேண்டும். தள்ளவில்லை. அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பாடா என்று ஆபீஸ் பெருமூச்சு விட்டது. இரண்டாம் நாள் ஆளாளுக்கு எங்கள் அறைக் கதவில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் அதிகாரியே என்னைக் கூப்பிட்டு, "உன் அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

கடைசியில், நகக்கண் அளவு ஒரு ஸ்பிரிங் உள்ளே ஒரு இடத்தில் மட்டும் இல்லை என்று கண்டுபிடித்தாள். மற்ற இடங்களில் இருந்தது. அதற்குக் கடையில் எங்கே போவது? கப்பலே மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வரும். வீட்டுக்காரர் சீலா மீனுக்குத் தூண்டிலில் கட்டும் எஃகுக் கம்பியை வெட்டிக்கொண்டு வந்து, கம்பளி பின்னும் ஊசியில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்று நீளம், ஒன்று தொளதொள, ஒன்று தெறித்து என் மோர் டம்ளரில் விழுந்தது. பதினேழாவது சரியாக உட்கார்ந்தது.

"நீ சுத்துட்டி. நான் ஜன்னலப் பாத்துக்கிடுதேன்."

இடது ஓரத்து ஜன்னல் ஒன்றைத் தவிர மற்றது முழுக்க ஒன்பதாக வைத்து ஒன்றைக் கூட்டினேன். வலது ஓரத்து ஒன்பது புரண்டு பூஜ்யமானது, அதற்கடுத்தது புரண்டது, அதற்கடுத்தது, படபடவென்று வரிசையாகப் புரண்டுகொண்டே போய் இடது ஓரத்தில் ஒரு ஒன்று வந்து நின்றது. எனக்கே புல்லரித்துப் போயிற்று. அக்கா வராந்தாவுக்கு ஓடி, மர லாரி டிரைவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள். வகுத்தல் என்றால் சின்ன வயதில் ஓடி ஒளிவேன் என்பாள். இப்போது இருபத்திரண்டை ஏழால் வகுத்து, வருகிற எண்களைக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போவாள். "முடியவே மாட்டேங்கு! பாரேன், போய்க்கிட்டே இருக்கு!" அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கல்யாணப் பெண் கெட்டாள்.

அப்போதுதான் மெயின்லேண்டிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் கண்டம் லிஸ்ட் போடக் கப்பலில் வருகிறார் என்று கடிதம் வந்தது. உதவாத சாமானை அரசாங்கக் கணக்கிலிருந்து கழிப்பதைக் கண்டம் செய்வது என்போம். அவர் ஒவ்வொரு சாமானாகப் பார்ப்பார். செத்தது என்றால் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. அதைப் பழைய இரும்பு விலைக்கு ஆபீஸ் ஆட்கள் எடுத்துக்கொள்ளலாம். ஓடுகிறது என்றால் எந்த ஊர் ஆபீசுக்குத் தேவையோ அங்கே கப்பலேற்றிவிடுவார். மெஷின் பழைய லிஸ்டில் ஓடாத சாமான் என்றுதான் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். மெஷின் செத்ததாக இருந்தால் அக்காவுக்கு. உயிரோடு இருந்தால் போய்விடும்.

யோசனை சொன்னது நான்தான். தப்புதான், தெரியும், இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை. கைப்பிடியை உள்ளே இருக்கும் அச்சோடு கோர்க்கிற ஒரு சின்ன ஆணி உண்டு. அதை உருவிவிட்டால் கைப்பிடி வெறுமனே சுற்றும், உள்ளே ஒன்றும் அசையாது. "ஒரு மணி நேரம் வாயை மூடிட்டு இருங்கக்கா. அப்புறம் ஆயுசுக்கும் உங்க மெஷின்" என்றேன். ஸ்டோர் பாபு தலையாட்டினார். எங்கள் அதிகாரி அன்றைக்குத் தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆபீசில் அத்தனை பேரும் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். எல்லாருக்கும் பயம் ஒருத்தியை நினைத்துத்தான்.

அவளுக்கும் அதே பயம். காலையில் ஆணியை உருவி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "எங்கிட்ட இருந்தா மாட்டிப்புடுவேன். நீ வச்சுக்கோ. நான் கேட்டாலும் குடுக்காத, என்னா?"

"கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"அடிச்சாலும் குடுக்காத."

பெரிய அதிகாரி மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடி, பேச்சு முழுக்க இந்தி. உடைந்த தராசு, ஓட்டை வாளி, கால் போன நாற்காலி என்று பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்து எங்கள் மேஜைக்கு முன்னால் நின்றார். அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். மெஷினைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம். இவ்வளவு பளபளப்பாக இருக்கிறதே என்றார். துடைத்து வைத்தோம் சாப், என்றார் பாபு. அவர் கைப்பிடியைச் சுற்றினார். வெறுமனே சுற்றியது. திரும்பவும் ஒரு தடவை. ஜன்னலில் எல்லாம் பூஜ்யம். அக்காவின் உதடு துடிப்பதை நான் பார்த்தேன்.

"மர் கயா," என்றார் அவர். செத்துப்போச்சு. பிறகு கொஞ்சம் வருத்தமாகவே, "நல்ல மெஷின். இதை இனி எவனாலும் உயிர்ப்பிக்க முடியாது" என்று இந்தியில் சொல்லிக்கொண்டு சாக்கட்டியை எடுத்துக் குனிந்தார்.

"சாப்! மரா நஹீ சாப்!"

போச்சு! தலையில் கை வைத்தார் பாபு. அக்கா மேஜைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். "மரா நஹீ! சல்தா ஹை, ஏக்தம் சல்தா ஹை!" சாகவில்லை, நன்றாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினாள். "குடுட்டி."

நான் முஷ்டியை இறுக்கிக்கொண்டேன். சத்தியம் செய்திருக்கிறேனே. அதிகாரி என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

"அக்கா, வேண்டாங்க்கா" என்றேன் மெதுவாக.

"குடுன்னு சொல்லுதேம்லா!" அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. நான் கையைத் திறந்தேன்.

ஆணி இரண்டு நொடியில் உள்ளே போயிற்று. "எண் சொல்லுங்க சாப்" என்றாள். அவர் ஏழு இலக்கத்தில் ஒன்று சொன்னார், அதை முந்நூற்றுப் பதினேழால் வகுக்கச் சொன்னார். அவர் காகிதத்தில் போட, அக்கா கைப்பிடியில் போட்டாள். கரகரவென்று சுற்றுகிறாள், ஒரு இடம் தள்ளுகிறாள், மறுபடி சுற்றுகிறாள். அவர் பாதி வகுப்பதற்குள் அவள் முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவர் தன் விடையையும் ஜன்னலையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தார். "க்யா பாத் ஹை!" என்று வியந்துபோய் அவரே கத்திவிட்டார். யார் செய்தது என்று கேட்டார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தேங்காய் எண்ணெய், சோப்பு, தூண்டில் கம்பி, ஒன்று விடவில்லை. ஆணி என் கைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட்டாள், நான்தான் குடுத்தேன், அவளை ஒண்ணும் சொல்லாதீங்க என்று. அவர் அதைமட்டும் காதில் வாங்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இங்கேயே இருக்கட்டுமா என்று ஒரு தடவைதான் கேட்டாள். அவர் மறுப்பாகத் தலையசைத்தார். மெயின்லேண்டில் பெரிய ஆபீசில் இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள், இந்தச் சின்ன ஆபீசுக்கு இது ஒதுக்கப்படவில்லை, என்னால் முடியாது அம்மா, என்றார். அடுத்த கப்பலில் ஏற்ற வேண்டும் என்று பாபுவிடம் சொன்னார். லிஸ்டைச் சுத்தமாக அடித்து மாலைக்குள் கையெழுத்துக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு எனக்குக் கோபம் பொங்கியது. "பதினோரு மாசம்க்கா! ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் வாயைக் கட்டியிருந்தா உங்க வீட்டுல இருந்திருக்கும். ஏங்க்கா இப்படி?"

"செத்துப்போச்சுன்னு எழுதப் பாத்தாருட்டி," என்றாள். "ஓடுறத வச்சுக்கிட்டு அத எப்படிப் பாத்துட்டு நிக்கது?"

டைப்ரைட்டரில் காகிதத்தைச் சொருகினாள். தராசு அடித்தாள், வாளி அடித்தாள், நாற்காலி அடித்தாள். மெஷின் வரி வந்ததும் விரல் நின்றுவிட்டது. அவளுக்கு எழுத்து தெரியவில்லை, கண்ணில் அவ்வளவு நீர். எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தாள். எனக்கு இரண்டு விரலில்தான் அடிக்கத் தெரியும். சாமானின் பெயரை அடித்தேன். அடுத்த கட்டத்தில், என்ன நிலையில் இருக்கிறது என்பதற்கு, ஓடுகிறது என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை அடிக்க வேண்டும். அக்கா என் தோளுக்குமேல் குனிந்தாள். மூக்கை உறிஞ்சினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏட்டி," என்றாள். "அந்த ஒரு வார்த்தய மட்டும் பெரிய எழுத்துல அடி."

அடித்தேன்.